பிரிட்டன் இல்லாத ஒரு வாரம்

மலையகத்தில் காலைத் தும்மலை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பனி, ஈரம், விடியற்காலைக் குளிர் தண்ணீர் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விடுவோம். கொஞ்சம் முற்றினால் "பீனிசம்" என்பார்கள். அதற்கு வைத்தியம் பிரிட்டன் என்ற அலர்ஜி மாத்திரை. எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் தீரும், அந்த மஞ்சள் மாத்திரை தீராது.

நான் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். முதல் பாடவேளை முழுக்க ஒரு கையில் வெண்கட்டி, மறு கையில் கைக்குட்டை. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. ஆனால் போன மழைக்காலத்தில் இரவில் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. அப்புறம்தான் கண்டியில் ஒரு டொக்டரிடம் போனேன். அவர் வாயால் இழுக்கும் ஆஸ்துமா பம்பும் மூக்குக்கு ஸ்ப்ரேயும் தந்தார். எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒரு டெஸ்ட் செய்து பார்ப்போம் என்று திகதியும் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுத் தாள். டெஸ்ட்டுக்கு முன்னால் என்னென்ன நிறுத்த வேண்டும் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை. அந்த வரவேற்பறையில் அரை மணிநேரம் உட்கார்ந்தாலே தெரியும், அங்கு வருபவர்களில் எத்தனை பேர் தோட்டப் பக்கத்து ஆட்கள் என்று. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா தன் தாளை வாசிக்காமலே நாலாய் மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். இதை எழுத அதுதான் காரணம். டெஸ்ட் என்பது இருபது நிமிட வேலை. அதற்கு முந்திய ஒரு வாரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் அது பலிப்பதும் பலிக்காததும்.

முதலில், ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், கையின் உள்பக்கத்தில், பேனாவால் சின்னச் சின்ன அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு அடையாளத்துக்கும் பக்கத்தில் ஒரு துளி மருந்து. ஒன்றில் தூசிப்பூச்சியின் சத்து, ஒன்றில் கரப்பான், ஒன்றில் பூனை, ஒன்றில் பூஞ்சணம். துளியின் மேலாக லான்செட் என்ற சின்ன ஊசிமுனையால் ஒரு குத்து. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உள்ளே இறங்கும். நமது உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராக ஐஜிஈ என்ற புரதத்தை ஏற்கெனவே செய்து வைத்திருந்தால், தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற அரிப்பு உண்டாக்கும் பொருளைக் கொட்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் அந்த இடம் அரித்து, சுற்றிலும் சிவந்து, நடுவில் தடித்து எழும். பிரிட்டன் செய்யும் வேலை, ஹிஸ்டமின் போய் ஒட்டுகிற இடத்தை அடைத்துவிடுவது. தும்மல் நிற்பது அதனால்தான். டெஸ்ட்டில் தடிப்பு எழாமல் போவதும் அதே காரணத்தால்தான். மாத்திரை உடம்பில் இருக்கும்போது போய்க் கையை நீட்டினால், தூசி ஒத்துக்கொள்ளாதவருக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு துளிகள் எல்லோருக்கும் பொது. ஒன்று வெறும் உப்புநீர், அது எழும்பக் கூடாது. மற்றது ஹிஸ்டமினே; அது எல்லோருக்கும் எழும்ப வேண்டும். விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுத்து, பிள்ளைக்கு வழிமுறை தெரிகிறதா என்று நான் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஹிஸ்டமின் துளி எழும்பவில்லை என்றால் மற்றத் துளிகள் சொல்வதை நம்ப முடியாது. வீட்டுக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். கண்டிக்கு ஒருமுறை போய்வருவது எங்களுக்கு ஒரு நாள் லீவும் ஒரு நாள் பஸ்ஸும். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு.

சரி, எதை நிறுத்துவது? என் சித்தப்பா மகன் ஹட்டனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறான். தாளோடு அவனிடம் போனேன். "அக்கா, பிரிட்டன மட்டும் நிப்பாட்டினா சரின்னு நெனைக்காதீங்க. இது வேற பேருல நூறு எடத்துல இருக்கு" என்று தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினான். செட்டிரிசின், லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின் மூன்றும் அவ்வளவாகத் தூக்கக் கலக்கம் தராத அலர்ஜி மாத்திரைகள். இவற்றுக்கு ஒரு வாரம் என்று என் தாளில் இருந்தது. பிரிட்டன், அதாவது குளோர்பெனிரமின், மூன்று நாளாவது. கீட்டோடிஃபென், ஹைட்ரொக்ஸிசின் போன்றவை இன்னும் நீண்ட நேரம் உடம்பில் தங்குபவை. இந்த நாட்கணக்கு டொக்டருக்கு டொக்டர் கொஞ்சம் மாறும். உங்களுக்குத் தந்த தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிடிக்க வேண்டும், என்னுடையதை அல்ல.

அதற்குமேல்தான் ஆபத்தான இடம். இருமல் பாணி. போத்தலில் பெரிய எழுத்தில் இருமலுக்கு என்று மட்டும் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின் என்று ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும். தடிமனுக்குக் கடையில் சில்லறையாக வாங்கும் மாத்திரைகளிலும் அப்படியே. வெறும் பரசிட்டமோல் பரவாயில்லை. காய்ச்சல், தலையிடிக்குப் பெனடால் போடலாம். மூக்கு ஸ்ப்ரேயில் ஸ்டீரோய்ட் வகை என்றால் தொடரலாம், எனக்குத் தந்தது அதுதான். அசலாஸ்டின் உள்ள ஸ்ப்ரே என்றால் நிறுத்த வேண்டும். கண் அரிப்புக்குப் போடும் சொட்டு மருந்திலும் இதே இனம் இருக்கிறது. வயிற்றெரிவுக்கு ஃபெமோடிடின் எடுப்பவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைதான், வயிற்றில் வேலை செய்கிற வகை. ஒமெப்ரசோலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

தாளில் தெளிவாகச் சொல்லாத ஒன்றைத் தம்பிதான் சொன்னான். வாந்தி மாத்திரை! ஹட்டனில் இருந்து கண்டிக்குப் பஸ் ஏறுபவர்களில் பாதிப்பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். கினிகத்தேனை வளைவுகளில் வயிறு புரட்டாத ஆள் குறைவு. நுவரெலியாப் பக்கத்தில் இருந்து றம்பொடை இறங்கி வருபவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் என்று பஸ் பயணத்துக்குப் போடும் மாத்திரைகள் அநேகமாக எல்லாமே இதே குடும்பம். ஒரு வாரம் மூக்கை ஒழுகவிட்டுக் காத்திருந்து, டெஸ்ட்டுக்குப் போகிற அன்று காலையில் பஸ்ஸுக்காக ஒன்றைப் போட்டால் அந்த ஒரு வாரமும் வீண். சமதரையில் இருந்து வருபவர்களுக்காக எழுதிய தாளில் இது எப்படி வரும்? நான் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டே போனேன். இஞ்சித் துண்டு ஒன்றும் பையில் இருந்தது. நேரம் ஒத்துவந்தால் ரயில் இன்னும் நல்லது.

இனி, நிறுத்தக் கூடாதவை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் நிறுத்து என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பம்பை நிறுத்தக் கூடாது. நீலப் பம்போ பழுப்புப் பம்போ, அது தோல் டெஸ்ட்டைக் கெடுப்பதில்லை. மொன்டெலுகாஸ்ட் மாத்திரையும் அப்படியே. இழுப்போடு போனால் டெஸ்ட்டே செய்யமாட்டார்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இந்தச் சின்னக் குத்தும் பெரிய தொல்லையாகலாம் என்பதால் முதலில் நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தொடுவார்கள். பிரஷர் மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் அட்டெனொலோல், புரொப்ரனொலோல் போன்றவை எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தப்பித்தவறி உடம்பு முழுக்க அலர்ஜி கிளம்பினால் கொடுக்கும் அட்ரினலின் ஊசி, அந்த மாத்திரைகள் உடம்பில் இருக்கும்போது சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்படிக் கிளம்புவது மிக அரிது. இருந்தாலும் அந்த ஊசி இல்லாத இடத்தில் இந்த டெஸ்ட்டைச் செய்துகொள்ளாதீர்கள்.

என் மாமிக்கு நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் கொடுக்கிறார்கள். அதற்கும் ஹிஸ்டமினைத் தடுக்கும் குணம் உண்டு, டெஸ்ட்டைக் கெடுக்கும். ஆனால் அதைத் திடீரென்று விட்டால் வேறு சிக்கல் வரும். எழுதிக் கொடுத்த டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாமிக்கு டெஸ்ட் இல்லை, சும்மா சொல்கிறேன். இப்படி மாத்திரையை விடவே முடியாதவர்களுக்கும், உடம்பு முழுக்கத் தடிப்பெழும்பி ஒரு நாள்கூடப் பிரிட்டன் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கும் இரத்தத்தில் ஐஜிஈ பார்க்கும் வழி இருக்கிறது. அதற்கு எந்த மாத்திரையையும் நிறுத்தத் தேவையில்லை. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், எம்.ஆர்.ஐ. என்று சொல்வார்களே, நோய் எதிர்ப்பியல் பிரிவு ஒன்று இருக்கிறது. உங்கள் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த வாரம் எப்படி இருந்தது என்றால், முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மூக்கு, கண், தொண்டை எல்லாம் ஒன்றுசேர்ந்து பழிவாங்கின. திகதி எடுக்கும்போதே யோசித்துத்தான் எடுத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் ஒட்டடை அடிப்பது, மச்சில் இருக்கும் பெட்டிகளை இறக்குவது, சுண்ணாம்பு பூசுவது எல்லாம் நடக்கும். தவணைப் பரீட்சை வாரமும் வேண்டாம். வகுப்பில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி ஒரு பையனை நியமித்தேன், அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து காலையும் இரவும் மூக்கைக் கழுவினேன். ஸ்ப்ரேயை ஒரு வேளையும் விடவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். அதனால் மூக்கு நின்றதா என்று கேட்டால் இல்லை, ஆனால் சூடாக எதையாவது கையில் பிடித்திருப்பது ஆறுதல். கடையில் விற்கும் மூலிகைப் பக்கட்டுகளை அந்த ஒரு வாரத்துக்கு ஒதுக்கிவைத்தேன், உள்ளே எதெது கலந்திருக்கிறது என்று பார்த்து முடியாது. இரவில் மூச்சு இழுக்குமளவுக்கு வந்தால் டெஸ்ட்டாவது மண்ணாவது, மருந்தைப் போட்டுவிட்டுத் திகதியை மாற்றுங்கள் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

அந்த வாரத்தில் நான் செய்த இன்னொரு வேலை, ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்தது. இதை யாரும் சொல்லவில்லை. முதல்முறை டொக்டர் கேட்ட கேள்விகளுக்கு நான் திணறியதால் நானாகத் தொடங்கியது. எந்த நேரத்தில் தும்மல்? வீட்டிலா வெளியிலா? மழைநாளிலா வெயிலிலா? என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்? உள்ளதை எல்லாம் டெஸ்ட் பண்ணிவிடுங்களேன் டொக்டர் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். தோல் தடித்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அதனால் நோய் வருகிறது என்று அர்த்தமில்லை. ஐம்பது துளி போட்டால் நாலைந்து சும்மாவே தடிக்கும். அப்புறம் நல்லாச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமையையும் முட்டையையும் பயந்து விட்டுவிடுவீர்கள் என்றார். நம் கதையில் எதன்மேல் சந்தேகமோ அதைத்தான் போட வேண்டும். அப்படியென்றால் கதையை ஒழுங்காகச் சொல்வதும் நம் வேலைதான். இரத்தம் எடுத்து நூறு வகைச் சாப்பாட்டுக்கு ஐஜிஜி என்ற வேறொரு புரதத்தைப் பார்த்து, நீளமான பட்டியல் அடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்த ஐஜிஜி அலர்ஜியைக் காட்டுவதில்லை. சாப்பிட்ட சாப்பாட்டை உடம்பு அறிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. காசை வேறெதற்காவது செலவழிக்கலாம்.

கொப்பியில் எழுத எழுத ஊர்க்கதைகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. எங்கள் பக்கத்தில் எல்லோரும் குறைசொல்வது மேலே உள்ள பைனஸ் காட்டை. மஞ்சள் தூள் பறக்கும் காலத்தில் அதுதான் தும்மலுக்குக் காரணம் என்பார்கள். பைனஸ் மகரந்தம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொட்டும், ஆனால் அது அலர்ஜி கொடுப்பது அபூர்வம். என் கொப்பியும் அதைத்தான் சொன்னது: மரத்தடியில் நடந்த நாட்களில் ஒன்றுமில்லை, வீட்டில் கம்பளியை உதறிய காலையில்தான் தும்மல் அடைமழை.

அப்பாவைப் பற்றியும் எழுதினேன். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவர். தேயிலைத் தூளும் பஞ்சும் பறக்கும் இடம். லீவு நாளில் நன்றாக இருப்பார், வேலைக்குப் போனால் இருமல். இது வீட்டுக்குள் பேசிக்கொண்ட விஷயம் மட்டுமல்ல. நம் நாட்டு நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தொழிற்சாலை ஆட்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அப்பா வேலை செய்த காலத்தில் அதை யாராவது அந்த அறைக்குள் வந்து சொல்லியிருக்கலாம். குடும்பத்தில் இன்னாருக்கு இழுப்பு, இன்னாருக்குச் சொறி என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

அப்புறம் மீன். சில வருடங்களுக்கு முன், பைக்கில் பெட்டி கட்டி வரும் மீன்காரரிடம் பலயா என்ற சூரை மீன் வாங்கிச் சமைத்தோம். சாப்பிட்டு அரை மணிநேரத்தில் எனக்கு முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் அரிப்பு. அன்றிலிருந்து "புள்ளைக்கு மீன் ஒத்துக்காது" என்று மாமி முடிவு செய்துவிட்டார். எனக்குத் தனிச் சட்டியில் சமையல். டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, வேறு யாருக்காவது அப்படி வந்ததா என்று. யோசித்துப் பார்த்தால், என் கணவருக்கும் அன்று முகம் சிவந்திருந்தது. அவர் வெயில் என்றார். பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அவற்றின் தசையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அது மீன் கெட்டுப்போனதால் வரும் நஞ்சு, அலர்ஜி இல்லை. கடலில் இருந்து மலைக்கு மீன் ஏறிவரும் தூரத்தை நினைத்தால் எங்களுக்கு இது அடிக்கடி வராததுதான் ஆச்சரியம். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்கள் இந்த மீன்களைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்வதும் இதனால்தான். ஹிஸ்டமினை உடைக்கும் வேலையை அந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்க்க மீனுக்கும் ஒரு துளி போடலாம் என்று பட்டியலில் சேர்த்தார்.

போகிற அன்று வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஊசி, டெஸ்ட் என்றாலே சாப்பிடாமல் கிளம்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம், குளிக்கலாம். கையில் மட்டும் எண்ணெய், கிரீம், சித்தாலேப ஒன்றும் பூசக் கூடாது. சொறிக்கு ஸ்டீரோய்ட் கிரீம் பூசுபவர்கள் டெஸ்ட் செய்யும் இடத்தில் எப்போதிருந்து நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுவிட வேண்டும். ஸ்வெட்டருக்குள் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நான் இறுக்கமான முழுக்கை ரவிக்கையோடு வந்து தவித்த ஒருவரைப் பார்த்தேன். கோயில் கயிறு கட்டியிருந்தால் அறுக்க வேண்டியதில்லை, மணிக்கட்டை ஒட்டிக் குத்தமாட்டார்கள். காய்ச்சல் இருந்தால், பிள்ளை உண்டாகியிருந்தால் முன்பே சொல்லுங்கள், தள்ளிப்போடுவார்கள். அண்மையில் பெரிய அலர்ஜி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் செய்தால் உடம்பில் சரக்குத் தீர்ந்திருக்கும், டெஸ்ட் பொய் சொல்லும். எடுக்கிற மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

டெஸ்ட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதலில் நகத்தால் தோலில் ஒரு கோடு கீறிப் பார்த்தார்கள். சிலருக்குக் கீறினாலே தடிக்குமாம், அவர்களுக்கு எல்லாத் துளியும் எழும்பிவிடும். எனக்கு இல்லை. குத்து எறும்பு ஊர்வதைவிடக் கொஞ்சம் கூட. அப்புறம் கையை ஆட்டாமல், சொறியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். இந்த முறையின் தொடக்கம் பழசு. மான்செஸ்டர் பக்கத்தில் சார்ள்ஸ் பிளாக்லி என்ற வைத்தியருக்கு மகரந்தத் தும்மல். அவர் தன் கையையே கீறி, அதில் புல் மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்து, 1873இல் அதைப் புத்தகமாகவே போட்டார். அலர்ஜி என்ற சொல்லே 1906இல்தான் வந்தது.

என் பக்கத்து நாற்காலியில் ராகலைப் பக்கத்தில் இருந்து வந்த ஓர் ஐயா. அவருடைய கையில் ஒன்றுமே எழும்பவில்லை, ஹிஸ்டமின் துளிகூட. நர்ஸ் மிஸ் சிங்களத்தில் கேட்கிறார், அவர் இல்லை இல்லை என்கிறார். நான் தமிழில் கேட்டேன்: "ஐயா, காலையில பஸ்ஸுக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஆமா மக. வாந்திக்கு ஒன்னு போட்டேன். அது அலர்ஜி மருந்து இல்லியே?"

அவருக்கு வேறு திகதி கொடுத்து அனுப்பினார்கள். தாளை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். அந்தத் தாளில் தமிழில் ஒரு வரி, வாந்தி மாத்திரை என்று ஒரு சொல் இருந்திருந்தால் அந்த மனிதர் றம்பொடை வளைவுகளை இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை. இதை நர்ஸ் மிஸ்ஸிடம் சொன்னேன். எழுதித் தாங்க டீச்சர், போட்டோகொப்பி எடுத்து வைக்கிறேன் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு ஹிஸ்டமின் துளி ஐந்து மில்லிமீட்டர், உப்புநீர் பூச்சியம். உப்புநீரைவிட மூன்று மில்லிமீட்டர் கூட இருந்தால் அது கணக்கில் சேரும். தூசிப்பூச்சி எட்டு. கரப்பான் நாலு. பூனை, நாய், மீன், இறால் எல்லாம் தட்டை. பூஞ்சணமும் இல்லை. வீட்டுச் சுவரைப் பார்த்தால் அதை நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது. டஸ்ட் மைட் என்கிற இந்தத் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, நம் உடம்பில் இருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் எச்சம்தான் மூக்குக்குள் போய் வேலை செய்கிறது. உயரமான மலையில் இது குறைவு என்று எங்கோ வாசித்து, நமக்கு இருக்காது என்று நினைத்திருந்தேன். சுவிட்சர்லாந்தில் 1560 மீட்டர் உயரத்தில் உள்ள டாவோஸுக்கு ஆஸ்துமாக்காரர்களை அனுப்புவார்களாம். நுவரெலியா அதைவிட உயரம், 1868 மீட்டர். ஆனால் டாவோஸில் காற்று உலர்ந்தது, இங்கே உடுப்பு ஒரு கிழமை தொங்கினாலும் காயாது. அந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அதற்கு நம் ஊரைவிட நல்ல ஊர் எது?

மெத்தைக்கும் தலையணைக்கும் சிப் வைத்த உறை, விரிப்புகளுக்கு வாரம் ஒருமுறை அறுபது பாகைச் சூட்டுத் தண்ணீர், இலவம்பஞ்சுத் தலையணைக்கு விடை. வெயிலில் போட்டால் பூச்சி சாகும், எச்சம் அப்படியே இருக்கும், கழுவினால்தான் போகும். கம்பளியைத் துவைத்து இந்த ஊரில் எப்படிக் காயவைப்பது என்பதற்கு டொக்டரிடமும் பதில் இல்லை. இப்போதைக்கு அடுப்படிக் கொடியில் தொங்குகிறது, புகை மணத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப மீனு?"

"மீனுக்கு ஒன்னுமில்ல மாமி. சாப்பிடலாமாம்."

"இத்தன வருஷமா ஒனக்குத் தனிச் சட்டில ஆக்குனேனே, அது?"

கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. மறுநாள் ஹோர்ன் சத்தம் கேட்டதும் மாமி கிண்ணத்தோடு இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடி, பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஐஸ் கரைந்து தண்ணீராக இருந்தது. பலயா வேண்டாம், நாளைக்கு ஐஸோடு வாங்க அண்ணே என்றேன். மீன்காரர் மாமியைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சட்டியில் பருப்பு.